சீனி போடாத கருப்பட்டி எங்கே கிடைக்கும்?

சித்திரை வெயிலில் திருச்செந்தூர் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சாலையோரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வேப்ப மரத்தடியில் பதனிப் பானை. பக்கத்தில் குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டைகள். ஒரு பட்டையில் பதனியை ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுப்பார்கள். காரை நிறுத்தி இரண்டு பட்டை வாங்கிக் குடித்துவிட்டு, கையோடு ஒரு கேள்வியும் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, சீனி போடாத கருப்பட்டி இருக்கா?"

"இருக்கு. வெலையச் சொன்னா வேண்டாம்பீங்க."

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. கேட்டவர் விலையைக் கேட்டு, "டவுன்ல இதுல பாதிக்குக் கிடைக்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார். டவுனில் பாதி விலைக்குக் கிடைப்பது எப்படிக் கிடைக்கிறது என்பது அவருக்கும் ஓரளவு தெரியும். ஆனாலும் அதைத்தான் வாங்குவார்.

இது வெளியூர்க்காரர்கள் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். உடன்குடி, சாத்தான்குளம், காயாமொழி வட்டாரத்தில் பனைகளுக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள்கூட மாதச் சாமானோடு சேர்த்து மளிகைக் கடையில்தான் கருப்பட்டி வாங்குகிறார்கள். பத்து நிமிட நடையில் ஒரு விடிலி புகைந்துகொண்டிருக்கும். அங்கே காய்ச்சிய சரக்கு வியாபாரி வண்டியில் ஏறித் தூரத்து ஊருக்குப் போகும். எங்கேயோ காய்ச்சிய கலப்படச் சரக்கு இங்கே கடைக்கு வரும்.

தன் வட்டாரத்தில் விளையும் நல்ல பண்டத்தைத் தேடிச் சாப்பிட நினைக்கும் குடும்பம் எங்கே தொடங்குவது என்பதற்குத் தென்மாவட்டத்தில் கருப்பட்டியைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. பண்டம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு கிலோவுக்கு எத்தனை ஏற்றம்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தக் கணக்குத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பதநீரில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று பங்கு வரை சர்க்கரை இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். நிலம், மரம், மாதம் இவற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம். ஆனால் நாலு லிட்டரில் ஒரு கிலோ எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், மீதியை அவர் மூட்டையிலிருந்து எடுக்கிறார் என்று பொருள்.

இனி மரத்துக்கு வருவோம். பாளையைக் காலையும் மாலையும் சீவினால்தான் பதநீர் நிற்காமல் ஊறும். ஒருநாள் விட்டால் சீவிய இடம் காய்ந்துவிடும். முப்பது மரம் வைத்திருக்கும் பனையேறி ஒரு நாளைக்கு அறுபது முறை ஏறி இறங்க வேண்டும். மரம் சராசரி முப்பத்தைந்து அடி என்று வைத்தாலும் ஏறுவது மட்டும் 2,100 அடி. இறங்குவது இன்னொரு 2,100 அடி. இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், கையில் கலயம். மழை தூறினாலும் காய்ச்சல் அடித்தாலும் மரம் காத்திருக்காது.

ஆண்பனையில் பாளையைக் கடிப்பால் இடுக்கி, நசுக்கி, பதம் வந்தபிறகு நுனியைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். பெண்பனையிலும் பதநீர் இறக்கலாம். ஆனால் அந்தப் பாளையில் நுங்கு கிடைக்காது. எந்தப் பாளையை நுங்குக்கு விடுவது, எதைச் சீவுவது என்பது அந்த வருட விலையையும் வீட்டு நிலைமையையும் பார்த்துப் பனையேறி எடுக்கும் முடிவு. பருவம் மாசியில் சூடுபிடித்து ஆடியோடு ஓயும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் உச்சம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. இனிப்பான சாறு வெயிலில் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. தடவாவிட்டால் அது கள். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டிலிருந்து கள் இறக்கத் தடை இருப்பதால் இந்தச் சுண்ணாம்புத் தடவல் பனையேறிக்குச் சட்டப் பாதுகாப்பும்கூட. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். கூடினால் நாக்கில் வழுவழுப்பாகத் தட்டும், கடைசியில் காரும். அளவு கைப்பழக்கம்தான். தராசு எதுவும் கிடையாது.

ஆண்கள் இறக்கிவந்த பதநீரை வடிகட்டிக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. விடிலி என்று சொல்லப்படும் ஓலைக் குடிசையில் காவோலையும் மட்டையும் உடைமர விறகும் எரியும். பதநீர் நுரைத்துப் பொங்கும்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள், பொங்கல் அடங்கும். பிறகு சாறு சுண்டிக் கூப்பதநியாகும். இன்னும் சுண்டினால் பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுவார்கள். கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம் வருவது சிரட்டையால்தான். வைகாசி வெயிலில் அந்த அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பது என்னவென்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சீனி எப்படி உள்ளே வந்தது?

எல்லாரும் பேராசையால் கலக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை கொஞ்சம் சிக்கலானது.

புளிப்பு ஏறிய பதநீரைக் காய்ச்சினால் பாகு சரியாக இறுகாது. அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோவதுதான் காரணம். சிரட்டையில் ஊற்றினால் களிபோல நிற்கும். ஒரு நாள் உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்று கொஞ்சம் சீனியைப் போட்டு இறுக வைக்கும் பழக்கம் இப்படியும் வந்திருக்கிறது. கைப்பிடியாக இருந்தது படியானது, படி மூட்டையானது. கருப்பட்டி விலைக்கும் சீனி விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்வரை மூட்டை நிற்காது. பதநீரே இல்லாமல் கழிவுப் பாகையும் சீனியையும் நிறத்தையும் சேர்த்துக் காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்தும்போது பிடிபடுவது இந்த வகைதான்.

இன்னொரு காரணம் முன்பணம். பருவம் தொடங்குமுன் வீட்டுச் செலவுக்கும் கலயம், கயிறு வாங்கவும் பாட்டத்துக்கு மரம் எடுக்கவும் பனையேறிக்குப் பணம் தேவைப்படும். வியாபாரி கொடுப்பார். கொடுத்தவருக்கே சரக்கு, அவர் சொல்வதே விலை. சுத்தமாகக் காய்ச்சினாலும் அதே விலை, கலந்தாலும் அதே விலை என்றால் எத்தனை நாளைக்கு ஒருவர் சுத்தமாகக் காய்ச்சுவார்? அப்படியும் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைகள் ஏராளமாக ஊரில் உலவுகின்றன. உடைத்துப் பார்த்தால் உட்புறம் மினுமினுத்தால் சீனி, மங்கலாக இருந்தால் சுத்தம் என்பார்கள். நல்ல கருப்பட்டியில் இனிப்போடு லேசான கரிப்பும் புகை வாசமும் இருக்கும், சீனி கலந்ததில் வெறும் தித்திப்பு நாக்கில் நிற்கும் என்பார்கள். அனுபவமுள்ள நாக்குக்கு இவை உதவும். ஆனால் நூற்றுக்கு இருபது பங்கு சீனி கலந்ததை இந்த வழிகளில் உறுதியாகச் சொல்ல முடியாது. பழகிய பாட்டிமார்களும் ஏமாறுகிறார்கள். ஆய்வகப் பரிசோதனைதான் உறுதி.

நாக்கைவிடக் கணக்கு நம்பகமானது. உங்கள் ஊரில் பதநீர் என்ன விலை என்று விசாரியுங்கள். லிட்டர் முப்பது ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒன்பது லிட்டருக்கு 270 ரூபாய். இதில் விறகு இல்லை, காய்ச்சுகிற கூலி இல்லை, வியாபாரி லாபம் இல்லை. குடிக்கச் சில்லறையில் விற்கும் விலையும் காய்ச்சும்போது போடும் கணக்கும் ஒன்றல்ல என்பது சரிதான். விற்காமல் மிஞ்சியதைக் காய்ச்சும்போது விலை குறையும். எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும், பதநீர் அந்த விலை விற்கும் ஊரில் கிலோ 150 ரூபாய்க்குக் கருப்பட்டி வருகிறது என்றால் அது பனையிலிருந்து மட்டும் வரவில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் "நேத்துக் காய்ச்சினது" என்று பளபளவென்று புதுக் கருப்பட்டி கொடுத்தால், பதநீர் எங்கே இறக்கினீர்கள் என்று கேளுங்கள். அந்த மாதங்களில் நல்ல சரக்கு கிடைக்கும், ஆனால் அது ஆனியில் காய்ச்சிப் பரணில் வைத்த பழைய சரக்காக இருக்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து வெளிப்புறம் கசிந்திருக்கும். கசிந்த கருப்பட்டியைக் கெட்டது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஈரம் இழுப்பது அதன் குணம்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. உடன்குடி என்ற பெயரை வேறு ஊர்ச் சரக்குக்கு ஒட்டுவதைச் சட்டப்படி தடுக்க அது வழி செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சிரட்டையையும் யாரோ சோதித்து முத்திரை போடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பொட்டலத்தில் ஊர்ப்பெயர் மட்டும் பெரிதாக அச்சிட்டு, காய்ச்சியவர் யார், எந்த முகவரி, எந்த மாதம் என்பது இல்லையென்றால் அந்தப் பெயரால் பயனில்லை.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. பருவத்தில் ஒரு நாள் விடிலிக்கு நேரில் போய்விடுவது. காலை எட்டு மணிக்குப் போனால் பதநீர் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். எத்தனை குடம் பதநீர், எத்தனை சிரட்டை கருப்பட்டி என்று எண்ணிக்கொள்ளலாம். குடிசை மூலையில் சீனிச் சாக்கு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சுத்தமாகக் காய்ச்சுகிறவர் யாரும் "வராதீர்கள்" என்று சொல்வதில்லை. உட்கார வைத்து ஒரு பட்டை பதனி கொடுப்பார்கள்.

நாலு வீடு சேர்ந்தால்

இங்கேதான் சிறு விவசாயக் குடும்பங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. காலையும் மாலையும் கருப்பட்டிக் காப்பி குடிக்கும் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு கிலோ. பத்து வீடு சேர்ந்தால் 120 கிலோ. அதற்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் பதநீர் வேண்டும். ஒரு பனையேறிக் குடும்பத்தின் பருவ உழைப்பில் கணிசமான பங்கு அது. தை மாதத்தில் பத்து வீடும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டால், வைகாசி, ஆனியில் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு அவர் வியாபாரியிடம் கைநீட்ட வேண்டியதில்லை. விலையை முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மகளிர் குழு இருக்கும் ஊரில் இது இன்னும் சுலபம். குழுவில் கணக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

முன்பணம் கொடுக்கப் போகும்போது இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா? மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள் இல்லாத பனையேறி ஊர் கிடையாது. பதிவு இல்லாததால் உதவி கேட்டு நிற்கக்கூட முடியாமல் போன குடும்பங்களும் உண்டு. படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

வாங்கிய கருப்பட்டியை எப்படி வைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடவில்லை. எரிவாயு அடுப்பு வந்தபிறகு அது முடியாது. இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வைத்தால் அடுத்த பருவம் வரை வரும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை திறந்து வெயில் காட்டுவது நல்லது. சமைக்கும்போது உடைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே பயன்படுத்துங்கள். சுண்ணாம்பும் மண்ணும் தூசியும் கொஞ்சம் அடியில் நிற்கத்தான் செய்யும்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

இதைக் கேட்காதவர் இல்லை. கடைக்காரர்கள் பலர் "தாராளமா சாப்பிடலாம்" என்று சொல்லியே விற்கிறார்கள். தவறு. கருப்பட்டியில் தாது உப்புகள் சிறிதளவு உண்டு, வெள்ளைச் சீனியில் அவையும் இல்லை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரைதான். சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். சீனியை நிறுத்திவிட்டுக் காப்பியில் இரண்டு மடங்கு கருப்பட்டி போட்டுக் குடித்து, மருந்து வேலை செய்யவில்லை என்று மருத்துவரைக் குறை சொல்பவர்கள் கிராமங்களில் அதிகமாகி வருகிறார்கள். நல்ல பண்டத்துக்கு இல்லாத குணத்தைச் சொல்லி விற்க வேண்டிய தேவை இல்லை. பதநீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதநீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இறக்கிய அன்று காலையிலேயே குடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் சாலையோரத்தில் நுரை கட்டி நிற்பதைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர் விட்டுச் செயற்கை இனிப்புச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தெளிய வைத்து, அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றிக் குடிக்க வேண்டும். மாங்காயைச் சீவிப் போட்டுக் குடிக்கும் பழக்கமும், பதநீரிலேயே பச்சரிசியை வேகவைத்துப் பொங்கலிடும் பழக்கமும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து கொடுத்தால் அடுத்த வருடம் அவர்களே கேட்பார்கள்.

சுற்றிலும் இன்னும் என்னென்ன?

கருப்பட்டி தேடக் கிளம்பியவர் கண்ணில் மற்றவையும் படும். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலை திருச்செந்தூருக்கு மிக அருகில். அதற்கும் 2023-இல் குறியீடு கிடைத்தது. கரிசல் மண் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019. பாலும் சீனியும் தவிர வேறெதுவும் சேராத பண்டம் அது. அங்கே சீனி இருப்பது குற்றமில்லை. சாத்தூர்ச் சேவு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எதுவானாலும் பேருந்து நிலையக் கடையைத் தாண்டி, செய்கிற இடம்வரை ஒரு தடவை போய்வந்தால் வித்தியாசம் தெரியும்.

பனையிலேயே வருடம் முழுக்கத் தின்பதற்கு இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். சுட்டுத் தின்றதுபோக மிஞ்சிய கொட்டையை மணற்பாங்கான இடத்தில் பாத்தி கட்டிப் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு தயார். பிடுங்கிய கொட்டையைப் பிளந்தால் உள்ளே தவுன். பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்னும் பண்டம் அது. கிழங்கை அவித்துக் காயவைத்து மாவாக்கியும் வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுகிறார்கள்.

தோட்டத்து வரப்பில் பனை நிற்கும் விவசாயிகளுக்கு ஒரு செய்தி. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. அதே அறிவிப்பில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதும் இருந்தது. விதை நடுவது நல்லதுதான். ஆனால் இன்று நடும் விதை பாளை விடப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். இன்று பாளை விட்டு நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை ஏற ஆளில்லாமல் சும்மா நிற்கின்றன. உங்கள் வரப்பில் பத்துப் பனை சும்மா நின்றால், பக்கத்து ஊர்ப் பனையேறியிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டத்தைப் பணமாகக் கேட்காமல் கருப்பட்டியாகக் கேட்டால் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகும். அந்த வருடம் முழுக்க வீட்டுக்குக் கருப்பட்டி கடையில் வாங்க வேண்டியிருக்காது.

கார்த்திகைத் தீபத்தன்று நெல்லை, தூத்துக்குடி வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். பச்சரிசி மாவு, தேங்காய்த் துருவல், ஏலக்காய், கருப்பட்டிப் பாகு சேர்த்துப் பிசைந்து, பச்சைக் குருத்தோலைக்குள் வைத்து மூடிக் கட்டி ஆவியில் வைக்க வேண்டும். ஓலையின் வாசம் மாவில் ஏற அரை மணி நேரம் போதும். ஓலைக்கும் கருப்பட்டிக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் இப்போதே சொல்லி வைத்துவிடலாம்.